செருப்புச் செடி

நேற்றுக் காலை என் மகள் வீட்டுச் செருப்போடு பதுளை டவுனுக்குக் கிளம்பினாள். குளியலறைக்குப் போய்வருகிற அதே நீல ரப்பர் செருப்பு. மேலே அவள் அப்பாவின் பழைய டீ சேர்ட், கீழே தூங்கும்போது போடுகிற காற்சட்டை. தலைமுடியை உச்சியில் சுருட்டி அதில் ஒரு பேனாவைக் குத்தியிருந்தாள். கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தபடியே கம்பியூட்டரைத் தட்டிச் சம்பளம் வாங்குகிறவள் என்பதால் கொஞ்சம் பதமாகத்தான் கேட்டேன்.

“என்னடி, இதோடயா பேங்க்குக்குப் போற?”

“எதோடம்மா?”

நான் அவள் காலைக் காட்டினேன். காலில் ஏதோ புதிதாக முளைத்துவிட்டதுபோல அவளும் குனிந்து பார்த்தாள்.

“யாரும்மா என் காலப் பாக்கப்போறா?” என்று கேட்டுவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அது ஆட்டோ நிற்கிற நேரத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை. அவளும் கேட்டுக்கொண்டு நிற்கிற பிள்ளை இல்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், பாவம், உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் காலத்தில் எல்லோரும் காலைத்தான் பார்த்தார்கள். எங்கள் தேயிலைத் தோட்டம் ஹாலிஎலவுக்கு அந்தப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து நன்றாக ஏறவேண்டிய மலையில் இருந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்குகிற பாதை மழைக்காலத்தில் பாதையாகவே இருக்காது. வழுக்கிக்கொண்டு இறங்கினால் கணுக்கால் வரை செம்மண் ஏறிவிடும். காய்ந்த பிறகு தட்டினாலும் நகத்தின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு நிற்கும். பதுளையில் ஒருவரைத் தோட்டத்து ஆள் என்று தெரிந்துகொள்ள அந்தக் கோடு போதும். பஸ் கொண்டக்டர் எல்லோரிடமும் “இஸ்ஸரஹட்ட யன்ன” என்று முன்னால் போகச் சொல்லித்தான் கத்துவார். செம்மண் காலைக் கண்டால் மட்டும் கூடவே இன்னும் இரண்டு வார்த்தை வரும். அவற்றை இங்கே சொல்ல முடியாது. துணிக்கடையில் கழுவிய காலோடு நுழைந்தால் “வாங்கம்மா, உக்காருங்க, என்ன கலர்ல பாக்குறீங்க?” என்பார்கள். செம்மண் காலோடு நுழைந்தால் “என்ன?” என்பார்கள். அவ்வளவுதான், அந்த ஒரு “என்ன?”தான். இத்தனைக்கும் அந்தக் கடைக்காரரின் பாட்டனாரும் எங்கள் பாட்டனாரும் இந்தியாவிலிருந்து ஒரே கப்பலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாந்தியெடுத்துக்கொண்டு வந்தவர்களாகக்கூட இருக்கலாம்.

ஆகவே எங்கள் தோட்டத்தார் ஒரு ஏற்பாடு செய்துவைத்திருந்தார்கள். யார் தொடங்கியது என்று தெரியாது. ரோட்டை ஒட்டி ஒரு பீலி இருந்தது. மலையில் கசிகிற தண்ணீரை ஒரு தகரத்தில் வாங்கி ஓயாமல் கொட்டவைத்திருப்பதைத்தான் எங்கள் பக்கம் பீலி என்போம். டவுனுக்குப் போகிறவர்கள் தேய்ந்த பழைய ரப்பர் செருப்போடு மலையிறங்கி வருவார்கள். நல்ல சப்பாத்து கையில் ஒரு பையில் இருக்கும். பீலியில் காலைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, சப்பாத்தை மாட்டிக்கொள்வார்கள். சேற்றுச் செருப்பைப் பக்கத்துத் தேயிலைச் செடியின் அடியில் தள்ளிவிடுவார்கள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சப்பாத்து பைக்குள் போகும், சேற்றுச் செருப்பு காலுக்கு வரும். அந்த ஓரத்தில் இருந்த நாலைந்து செடிக்கும் செருப்புச் செடி என்றே பெயர். கொழுந்தெடுக்கும் பெண்கள்கூட “செருப்புச் செடிக்கு மேல் நிரை எனக்கு” என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

பீலிக்கல்லில் எப்போதும் ஒரு சிவப்புச் சவுக்காரத் துண்டு இருக்கும். கரைந்து போனால் யாராவது ஒருவர் புதுத் துண்டு வைப்பார். இன்றைக்கும் எங்கேயாவது அந்தச் சவுக்கார வாசம் வந்தால் எனக்குப் பஸ் ஹோர்ன் கேட்கிறது. பக்கத்தில் நின்ற டர்பன்டைன் மரத்தின் கிளைப்பிரிவில் ஒரு உடைந்த கண்ணாடித் துண்டைச் செருகியிருந்தார்கள். உயரமானவர்களுக்கு அதில் கழுத்து தெரியும், குள்ளமானவர்களுக்கு மரத்தின் உச்சி தெரியும். இருந்தாலும் அதில் பார்க்காமல் யாரும் பஸ் ஏறமாட்டார்கள். ஆண்கள் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தண்ணீரில் நனைத்து வாரிக்கொள்வார்கள். பெண்கள் ஒரே பவுடர் டப்பாவைக் கைமாற்றுவார்கள். பஸ் வந்து நிற்கும்போது அங்கே நிற்பவர்கள் எல்லோரும் மாப்பிள்ளை வீட்டாராகிவிட்டிருப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற காய்ச்சல்காரர்கூட முகத்தில் பவுடரோடுதான் நடுங்குவார்.

எங்கள் அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலை ஃபெக்டரியைத்தான் ஸ்டோர் என்போம். பொழுது சாயும்போது ரோட்டு வழியாக வந்து, பீலியில் முகம் கழுவிவிட்டு, குனிந்து செருப்புச் செடிகளின் அடியைப் பார்ப்பார். எந்தச் செருப்பு யாருடையது என்று அவருக்குத் தெரியும். ஒரு செருப்பு கிடந்தால் அந்த ஆள் இன்னும் டவுனிலிருந்து வரவில்லை என்று அர்த்தம். மேலே ஏறி அந்த வீட்டில் சொல்லிவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வருவார். ஒன்றும் கிடக்கவில்லை என்றால் லயத்து முற்றத்தில் நின்று சத்தமாகச் சொல்வார்.

“எல்லாரும் வந்தாச்சு!”

அவரை யாரும் இந்த வேலைக்கு வைக்கவில்லை. அம்மா சில நாள் உள்ளேயிருந்து, “ஆமா, இவரு பெரிய ஸ்டேஷன் மாஸ்டரு” என்பாள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். உயர்தரப் பரீட்சை பாஸ் செய்துவிட்டு நான் வீட்டில் இருந்த காலம். தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் எடுக்கிறார்கள் என்று பதுளைக் கல்விக் கந்தோரிலிருந்து நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. எங்கள் லயத்தில் அதுவரை யாருக்கும் அப்படி ஒன்று வந்ததில்லை. இது கிடைக்காவிட்டால் எனக்கு அடுத்த மாதம் கொழுந்துக்கூடை என்பது பேசாமலே முடிவாகியிருந்தது. கூடைக்கு நான் பயப்படவில்லை. பாடப்புத்தகங்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவாள் அம்மா, அதற்குத்தான் பயந்தேன்.

லயமே என்னை உடுத்திவிட்டது. பக்கத்துக் காம்பரா பாக்கியம் அக்கா கொழும்பில் ஒரு வீட்டில் வேலைசெய்துவிட்டு வந்தவர். அவருடைய ரோஸ் கலர் சேலையும் வெள்ளைச் சப்பாத்தும் எனக்கு வந்தன. அந்த வெள்ளைச் சப்பாத்தைப் பார்க்காதவர்கள் எங்கள் மலையில் கிடையாது. கோயில் திருவிழாவுக்கு மட்டும் பெட்டியை விட்டு வெளியே வரும்.

“சேத்துல வச்சுராத புள்ள. வச்சா கழுவாத, அப்படியே கொண்டா, நான் கழுவிக்கிறேன்” என்று சொல்லித் தந்தார்.

அப்பா தன் பழைய ரப்பர் செருப்பைத் தந்தார். அறுந்த வாரை ஒரு சேஃப்டி பின் பிடித்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு, சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, பனிமூட்டத்தில் நான் தனியாக இறங்கினேன். பீலியில் கால் கழுவினேன். வெள்ளைச் சப்பாத்தை மாட்டினேன். கண்ணாடித் துண்டில் என் நெற்றியைப் பார்த்தேன், பொட்டு நடுவில்தான் இருந்தது. ஒரு டீச்சர் மாதிரிதான் இருக்கிறோம் என்று தோன்றிய அந்த நிமிஷத்தில் கணுக்காலில் ஏதோ ஈரமாக நெளிந்தது. அட்டை!

சப்பாத்துக்குள் ரத்தம் போய்விட்டால் பாக்கியம் அக்காவுக்கு என்ன பதில் சொல்வது? அவசரமாக இரண்டையும் கழற்றினேன். கழுவின காலைத் தரையில் வைக்க முடியாதே, அப்பாவின் செருப்பில் வைத்துக்கொண்டேன். சவுக்காரத்தைத் தேய்த்து அட்டையைப் பிடுங்கி எறிந்தேன். அப்போது பனிக்குள்ளிருந்து பஸ் ஹோர்ன் அடித்தது. ஹோர்ன் கேட்டால் கழற்றிய செருப்பைச் செடிக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடவேண்டும் என்பது எங்கள் கைக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். என் கையும் தன் வேலையைச் சரியாகச் செய்தது. கழற்றிக் கிடந்ததைத் தேயிலைக்கு அடியில் தள்ளியது. நான் ஓடிப்போய் ஏறிவிட்டேன்.

ஹாலிஎல தாண்டியபோது சேஃப்டி பின் குத்தியது. குனிந்து பார்த்தேன். அப்பாவின் செருப்புக்குள் என் கால் சேறும் சகதியுமாக உட்கார்ந்திருந்தது.

திரும்பிப் போனால் அடுத்த பஸ்ஸுக்குள் பரீட்சை முடிந்துவிடும். கையில் பஸ் காசைத் தவிர ஒன்றும் இல்லை. பதுளை ஸ்டாண்டில் இறங்கி, சேலையை நன்றாகக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, காலைத் தூக்காமல் நகர்ந்தேன். பார்த்தவர்கள் எனக்குக் காலில் ஏதோ சுகமில்லை என்று வழிவிட்டார்கள். கந்தோர் வராந்தாவில் ஒரு நீள வாங்கு, அதில் வரிசையாகப் பெண்கள். உள்ளே அனுப்புகிற பியோன் என் சேலை விளிம்பைப் பார்த்தார், பிறகு அதன் கீழே பார்த்தார்.

“ரப்பர் செருப்போட உள்ளுக்குப் போக ஏலாது பிள்ள.”

“அப்ப கழட்டி வச்சிட்டுப் போகவாங்க?”

“இது என்ன கோயிலா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வருஷமாகப் படித்த பொது அறிவெல்லாம் ஒரு சேஃப்டி பின்னில் வந்து நிற்கிறதே என்று இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் என்னை முழங்கையால் இடித்தாள். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமாம், பெயர் புஷ்பம். அவள் காலில் பூப்போட்ட தங்கநிறக் கொளுவியோடு பளபளவென்று கறுப்புச் சப்பாத்து.

“அழுவாத. பவுடர் கரைஞ்சிரும்” என்றாள். பிறகு காதுக்குள், “இது என்னோடதுன்னா நெனச்ச? எங்க அண்ணியோடது. உள்ள பேப்பர் வச்சிருக்கேன். நான் போயிட்டு வந்ததும் நீ போட்டுக்க.”

அவள் உள்ளே போய்வந்தாள். அடுத்து என் முறை இல்லை, வெலிமடைப் பெண் ஒருத்தியின் முறை. அவளும் ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். பஸ்ஸில் யாரோ மிதித்து அவள் சப்பாத்தின் வார் அறுந்துபோயிருந்தது. புஷ்பம் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். கறுப்புச் சப்பாத்து இன்னும் கொஞ்சம் பேப்பரோடு அவள் காலில் உள்ளே போனது. அவள் வந்ததும் பேப்பரையெல்லாம் உருவிவிட்டு நான் மாட்டிக்கொண்டேன். எனக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. என் பாதம் அப்பாவுடைய பாதம் மாதிரி, பெரிது. பியோன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், நல்ல மனிதர். எங்களுக்காகக் காத்திருந்ததில் புஷ்பத்துக்கு மத்தியான பஸ் போய்விட்டது. அவள் என் அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு, யார் பார்த்தால் என்ன என்று காலை ஆட்டிக்கொண்டு வாங்கில் உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே மேசைக்குப் பின்னால் இரண்டு ஐயாமாரும் ஒரு அம்மையாரும். அம்மையார் யாழ்ப்பாணத்தவர், மூக்கு நுனியில் கண்ணாடி. நான் வணக்கம் சொல்லி உட்கார்ந்ததும் அவர் என் சான்றிதழைப் பார்க்கவில்லை, மேசைக்குக் கீழே பார்த்தார்.

“பிள்ளை, இந்தச் சப்பாத்து இண்டைக்கு மூண்டாந்தரம் உள்ளுக்க வருது. உங்கட சப்பாத்து எங்க?”

நான் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

“தேயிலைக்கு அடியில இருக்குங்க மேடம்.”

ஐயாமார் இருவரும் நிமிர்ந்தார்கள். பிறகென்ன, பீலி, கண்ணாடித் துண்டு, அட்டை, எல்லாம் சொன்னேன். ஒரு ஐயா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அம்மையார் சிரிக்கவில்லை.

“சரி. நீங்கள் டீச்சரா வாறீங்கள். ஒரு பிள்ளை சேத்துக்காலோட, செருப்பில்லாமல் வகுப்பு வாசல்ல வந்து நிக்குது. என்ன செய்வீங்கள்?”

“வாசல்ல ஒரு வாளி தண்ணி வச்சிருப்பேன் மேடம். கழுவிட்டு உள்ள வரச் சொல்லுவேன். நானும் அங்கதான் கழுவிட்டு வரணும். நானும் அதே பாதையிலதானுங்க வருவேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “போங்கோ. அந்தச் சப்பாத்தைச் சொந்தக்காரிக்குக் குடுங்கோ, பாவம்” என்றார். அப்போதுதான் சிரித்தார்.

இங்கே கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மலையில் நடந்தது எனக்குத் தெரியாது. அன்று பொழுது சாயும்போது அப்பா வழக்கம்போலக் குனிந்து பார்த்திருக்கிறார். அவருடைய செருப்பு இருக்கவேண்டிய இடத்தில் பாக்கியம் அக்காவின் வெள்ளைச் சப்பாத்து. செருப்புச் செடியை வாசிக்கத் தெரிந்த யாருக்கும் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண் டவுனுக்குப் போகவே இல்லை! அப்படியென்றால் எங்கே போனாள்? யாரோடு போனாள்? லயத்துப் பையன்களையெல்லாம் எண்ணிப் பார்த்தார்களாம். ஒருவரும் குறையவில்லை. அது அவர்களை இன்னும் குழப்பிவிட்டது. பாக்கியம் அக்கா ஒருவர்தான், “ஓடிப்போறவ நல்ல சப்பாத்த விட்டுட்டு அப்பன் செருப்போடயா போவா? அவளுக்கு அம்புட்டுக்கா அறிவில்ல?” என்று எனக்காக வாதாடியிருக்கிறார்.

கடைசி பஸ்ஸிலிருந்து நான் இறங்கியபோது பீலியைச் சுற்றி எங்கள் லயமே நின்றது. டோர்ச் வெளிச்சமெல்லாம் என் முகத்தில் விழுந்தது. அப்பாவின் வெளிச்சம் மட்டும் என் காலில் விழுந்தது.

“ஏ புள்ள… என் செருப்பு!”

சொல்லிவிட்டுப் பீலிக்கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று இருட்டில் தெரியவில்லை. பாக்கியம் அக்கா தன் சப்பாத்தைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றார். அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். கால் வந்ததும் கை நின்றது.

“அடிப்பாவி, இதோடயா இன்டர்வியூவுக்குப் போன?”

நேற்று என் வாயிலிருந்து வந்ததும் இதே கேள்விதான் என்பதை ஆட்டோ போனபிறகுதான் கவனித்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வேலை கிடைத்தது, மூன்று பேருக்கும். புஷ்பம் அப்பாவின் செருப்பைத் திருப்பித் தந்துவிட்டாளே தவிர, என்னை விடவில்லை. அவளுடைய சின்ன அண்ணனுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தபோது, எங்கள் வீட்டு வாசலில் சேஃப்டி பின் குத்திய ரப்பர் செருப்பைக் கண்டு, “வீடு இதுதான், எனக்குத் தெரியும்” என்று கத்தினாளாம். கேள்வி கேட்டுவிட்டு ஆட்டோவில் போனாளே ஒருத்தி, அவளே அந்தக் கறுப்புச் சப்பாத்து வழியாக வந்தவள்தான். சொன்னால் நம்பமாட்டாள்.

வாளியும் வைத்தேன். முதல் பாடசாலையில் நான் இருந்தவரைக்கும் வாசலில் இருந்தது. பிள்ளைகள் படிப்பதைவிட அதிக நேரம் அதில்தான் கால் கழுவினார்கள். இப்போது நான் படிப்பிக்கிற பாடசாலைப் பிள்ளைகள் காலுறையும் சப்பாத்துமாக வருகிறார்கள். டீச்சர்மார் சேலைதான் கட்டவேண்டுமா என்று ஸ்டாஃப் ரூமில் விவாதம் நடக்கிறது. என்னிடம் கேட்டால் எனக்கு உடம்புக்கு முடியாத நாளில் வேண்டாம் என்பேன், புதுச் சேலை எடுத்த நாளில் வேண்டும் என்பேன். உடுத்துவதில் எனக்கு இன்னும் ஆசை இருக்கிறது. பயம்தான் இல்லை. அன்றைக்குப் பீலியில் நாங்கள் தேய்த்துக் கழுவியதில் எவ்வளவு ஆசை, எவ்வளவு பயம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் கண்ணாடித் துண்டுக்கு முன்னால் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நின்ற அந்தச் சிரிப்பு பயந்தவர்களுடைய சிரிப்பு மாதிரி இருக்கவே இல்லை.

போன மாதம் கோயில் திருவிழாவுக்குத் தோட்டத்துக்குப் போனேன். லயம்வரை கொங்கிரீட் பாதை போட்டிருக்கிறார்கள், ஆட்டோ வாசலிலேயே போய் நிற்கிறது. நான்தான் பீலியடியில் நிறுத்தச் சொல்லி இறங்கினேன். டர்பன்டைன் மரம் இல்லை. தண்ணீர் கொஞ்சமாக விழுகிறது. செருப்புச் செடிகள் இருக்கின்றன, கவ்வாத்து வெட்டி இலையில்லாமல் நின்றன. சேலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஆட்டோக்காரப் பையன், “என்ன மேடம், ஏதாச்சும் விழுந்திருச்சா?” என்றான். ஒன்றும் கிடக்கவில்லை.

அந்த நாளில் ஒன்றும் கிடக்காவிட்டால் எல்லோரும் வந்தாயிற்று என்று அர்த்தம். இப்போது லயத்தில் பாதிக் காம்பரா பூட்டிக் கிடக்கிறது. பாக்கியம் அக்காவின் பிள்ளைகள் கொழும்பிலும் கட்டாரிலும் இருக்கிறார்கள். திருவிழாவுக்குக்கூட வரவில்லை.

நேற்று மத்தியானம் என் மகள் திரும்பிவந்து, நீலச் செருப்பை வாசலில் உதறிவிட்டு உள்ளே போனாள்.

“பாத்தியா, ஒருத்தரும் என் காலப் பாக்கல” என்றாள்.

எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கடையில் காலைப் பார்த்து “என்ன?” என்று கேட்டவர்கள் போய்விட்டார்கள், நல்லது, போகட்டும். பொழுது சாயும்போது தேயிலைக்கு அடியில் குனிந்து பார்த்தவரும் போய்விட்டார். கவிழ்ந்து கிடந்த அவள் செருப்பை நிமிர்த்தி வைத்துவிட்டு, உள்ளே கேட்காதபடி மெதுவாகச் சொல்லிக்கொண்டேன், வந்தாச்சு என்று.